கங்கம்மாள் கேட்ட ஆள்கணக்கு

ஊராட்சித் தலைவியான நாள்முதல் கங்கம்மாளின் பாயில் கவலையும் கூடவே படுத்துக்கொண்டது. இப்போது அது கால் நீட்டி, இவளை ஓரத்துக்குத் தள்ளியிருந்தது.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சிற்றூருக்குப் புதுத் தண்ணீர்த்தொட்டி வரப்போகிறது. எத்தனை பேருக்குத் தண்ணீர் வேண்டும் என்று மன்றம் கூடித் தீர்மானம் போட்டு, மாலைக்குள் அனுப்ப வேண்டும். குறைத்துச் சொன்னால் குட்டித் தொட்டி. போன கோடையில் குழாயடித் தள்ளுமுள்ளில், அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இசக்கிசெல்விக்கு மணிக்கட்டு ஒடிந்து, கம்பெனி வேலையும் போனது. அடுத்த வேலை கிடைப்பதற்குள் பெண் பாதியாகிவிட்டாள். காலையில் படியிறங்கும்போது அவள்தான் கேட்டாள்:

“எக்கா, இந்தக் கோடைக்கும் இதே கதிதானா? பல்லு வெளக்காமத்தான் ஷிப்டுக்குப் போவணுமா?”

மன்றத்தின் கணக்கு எப்போதுமே வாக்காளர் பட்டியல்தான். தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள் அதில் இல்லை. உறுப்பினர்கள் எல்லாருமே வயலை விற்று அறை கட்டியவர்கள். உள்ளதைச் சொன்னால் வீட்டுவரி ஏறும். வரி பார்க்க ஆள் வருகிற நாளில் படிக்கட்டில் கிடக்கும் அந்தப் பிள்ளைகளின் செருப்புகளை உள்ளே எடுத்துவைக்கச் சொல்லிவிடுவார்கள். துணைத் தலைவர் தசரதன் வீட்டுச் செருப்புகளை மட்டும் வரிசை கட்டினால், ஒரகடம் கூட்டுரோடு வரை போய், பிரியாணி தின்று, திரும்பி வந்து படியேறும்.

“நீ வாயத் தொறந்தா மொத அடி நம்ம வூட்டுக்குத்தான். அப்பறம் எல்லாரும் சேந்து உன்ன எறக்கிடுவாங்க,” என்றார் கணவர் நயினார்.

கூட்டம் தொடங்கியது. “போன தபா எழுதினதையே எழுதிக்கினு போலாம் தலைவரே. ஆளுக்கு ஆயிரம் வேல கீது,” என்றார் தசரதன்.

கங்கம்மாள் செயலரிடம் திரும்பினாள். “எங்க வூட்டுல இருவது பேரு வாடகைக்குக் கீறாங்க. எழுதிக்குங்க சார்.”

மின்விசிறிகூடத் தயங்கித்தான் சுற்றியது. முடிந்தது, நாற்காலி போனது என்றே நினைத்தாள்.

“தலைவருக்கு ஒடம்பு சரியில்ல போல,” என்று சிரித்தார் தசரதன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “என் வூட்ல ரெண்டே குடும்பம்தாம்பா,” என்றும் சொல்லி வைத்தார்.

அவரோடு மதில்சுவர்த் தகராறில் இருந்த உறுப்பினர் ரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டு குடும்பமா? உன் மாடில காயற யூனிபாரத்த எண்ணுனா ஒரு கம்பெனியே தொறக்கலாம்! முப்பது பேரு, எழுதுங்க சார்!”

“யோவ், மாட்டுக் கொட்டாய்க்கு டைல்ஸ் போட்டு எட்டு பேர வெச்சிக்கினு, நீ பேசறியா?”

“அப்ப சின்னப்பொண்ணக்கா வூட்டையும் சேருங்க!” என்று பக்கத்தில் கையைக் காட்டினார் ரத்தினம்.

“அடப்பாவி, நான் செவனேன்னுதானே குந்திக்கினு கீறேன்!” என்று பதறினார் மூன்றாம் வார்டு உறுப்பினர் சின்னப்பொண்ணு. பதறிய வேகத்திலேயே இன்னும் நாலு வீட்டைக் காட்டிக்கொடுத்தார்.

தன் வீட்டுக் கணக்கை யாரும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். செயலரின் பேனா புகைந்தது.

கூட்டிப் படித்தபோது வாக்காளர் பட்டியலைப் போல மூன்று மடங்கு வந்தது. கங்கம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை பேரா?

“வரி ஏறுமே தலைவரே,” என்றார் ரத்தினம், சுருதி இறங்கி.

“எனக்கும்தான் ஏறும்.” முதல் கையெழுத்தை அவள் போட்டாள். இனி மறைத்தால் பக்கத்து நாற்காலியே காட்டிக்கொடுக்கும் என்பதால் மற்றவர்களும் போட்டார்கள்.

தசரதன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “தொட்டி சரி. இத்தினி பேருக்குத் தண்ணி எங்கேந்து வரும்?”

வரப்போகும் வருஷத்தைப் பற்றி அந்த மன்றத்தில் எழுந்த முதல் கேள்வி அது.

“தெரியல,” என்றாள் கங்கம்மாள். “அதப் பேசாம யாரும் போவக்கூடாது. கதவச் சாத்துங்க.”