சாரம் கட்டுகிற ஆள்

எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தேய்க்கத் தேய்க்கத் திரிதிரியாகப் பிரிந்து கையோடு போகும். தூத்துக்குடிக்கு வந்து ஓராண்டு ஆகியும் காலையில் குளிக்கும்போதெல்லாம் இது எனக்குப் புதிதாகவே இருக்கிறது. தருமபுரிப் பக்கம் எங்கள் ஊரில் தண்ணீர் வருவதே அபூர்வம், வந்தால் நுரைக்கும். இங்கே எந்நேரமும் வரும், நுரைக்காது. ஆனால் நான் குறை சொல்வதில்லை. வீட்டுக்கார அக்காவிடம் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாரம் கட்டுவது என் தொழில். உயரத்தில் கொத்தனாரும் பெயின்டரும் நின்று வேலை செய்யக் கம்பும் பைப்பும் சேர்த்துக் கட்டுகிறோமே, அந்தச் சாரம். பெங்களூரு, திருப்பூர், சென்னை என்று அலைந்து, துறைமுகத்துப் பக்கம் கிடங்கு ஒன்று கட்டும் வேலைக்கு இங்கே வந்தேன். தகரக் கொட்டகையில் எட்டுப் பேர் படுத்தோம். அது பெரிய விஷயமில்லை. மகள்தான் விஷயம். முந்தைய ஆண்டு அவளை மச்சான் வீட்டில் விட்டுவிட்டு நானும் மனைவியும் வேலைக்குப் போனோம். திரும்பி வந்தபோது அவரை 'அப்பா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு கிடைக்காவிட்டால் அந்த ஆண்டும் அங்கேதான் விட வேண்டும்.

முதலில் போனது ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம். அவர் வீட்டுப் பின்பக்கம் ஓர் அறை, என் கைக்கு எட்டுகிற வாடகை. குடும்பம் வருமா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். எல்லாம் சரியாகவே போயிற்று. கடைசியில் குரலைத் தணித்து, "தம்பி, நீங்க என்ன ஆளு?" என்றார்.

வேலையைக் கேட்கிறார் என்று நினைத்து, "சாரம் கட்டுற ஆளுங்க" என்றேன்.

இடுப்பிலிருந்த கைலியைப் பிடித்துக் காட்டினார். "சாரம் எல்லாருந்தான் கட்டுதோம். நான் அதக் கேக்கலவே. நீரு என்ன ஆளுன்னு கேக்கேன்."

இந்த ஊரில் கைலிக்குப் பெயர் சாரம் என்பது அப்போதுதான் தெரிந்தது. என்ன ஆளு என்றால் என்ன சாதி என்பதும். எங்கள் ஊரிலும் இது உண்டு. அங்கே கேட்கக்கூட வேண்டாம், தெருப் பெயரைச் சொன்னால் போதும்.

"எல்லாரும் ஒண்ணத்தானே கட்டுறோம் அண்ணாச்சி, அப்புறம் என்ன கேள்வி?" என்றேன்.

"வெவரமாப் பேசுதீரு. வீடு இல்ல, போயிட்டு வாரும்."

அதற்குப் பிறகும் வாசல் வாசலாக அதே கேள்விதான். "ஏதாவது ஒண்ணச் சொல்லிட்டுப் போயேன்டா, யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றான் கொட்டகையில் பக்கத்தில் படுப்பவன். சொன்னால் அந்தப் பொய்யை என் மகள் மனப்பாடம் செய்ய வேண்டும். உண்மையைச் சொன்னால் கேட்டவருடைய தராசில் நான் ஏறி நிற்க வேண்டும். இரண்டும் முடியாது. எல்லோருக்கும் 'சாரம் கட்டுற ஆளு' என்று அதே பதிலைச் சொன்னேன், இப்போது தெரிந்தே. கதவைச் சாத்தினார்கள். பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கையில் ஊரிலிருந்து மனைவி போனில், "எங்க அண்ணங்கிட்டயே சொல்லிடட்டுமா?" என்றாள். சொல்லாதே என்றேன்.

மறுநாள் கடலோரம் மீனவர்கள் இருக்கிற திரேஸ்புரத்துக்குப் போனேன். மீன் விற்கும் ஓர் அக்கா மாடி அறையை வாடகைக்கு விடுவதாகக் கேள்வி. கூடையைக் கழுவிக்கொண்டே அவரும் அதையே கேட்டார்.

"சாரம் கட்டுற ஆளுக்கா."

கழுவுவதை நிறுத்திவிட்டு ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், மத்தவம்லாம் இங்கன அம்மணமாவா அலையுதான்?"

"அதத்தாங்க்கா நானும் ஊரு பூரா கேட்டுக்கிட்டு வர்றேன்."

"வாய் இருக்குலே ஒனக்கு" என்று சிரித்தார். "தண்ணி உப்பா இருக்கும். மீன் கவிச்சி அடிக்கும். பொறவு குத்தம் சொல்லக் கூடாது. மேல போய்ப் பாரு."

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். மச்சான் வீட்டுக் கொல்லையில் குளித்தேன். சோப்பு போகவே மாட்டேன் என்று நுரைத்தது. "எப்பா, சீக்கிரம் சாரத்தக் கட்டிட்டு வாங்க, பசிக்கி" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள். மச்சான் வெளியே வந்து, வீட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்து, "எந்தச் செவுத்துக்கு மாப்ளே?" என்றார்.

எங்கள் மூன்று பேரைத் தவிர அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.