மூன்றாவது டேக்கில் இரண்டு அடி

புளியந்தோப்பு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் லட்சுமணன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'சினிமா லட்சு' என்று கேட்க வேண்டும். கேட்டவுடன் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, மூன்றாவது மாடிக்குக் கை காட்டுவார்கள்.

லட்சுமணன் சாவு ஊர்வலங்களில் பெரிய டிரம் அடிப்பவர். முன்பு துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையும் பார்த்தார். அறுபது வயதானதும் துறைமுகம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, டிரம் அனுப்பவில்லை. வியாசர்பாடியிலிருந்து தண்டையார்பேட்டை வரை வாரத்தில் நாலு நாளாவது அவருக்கு வேலை இருக்கிறது. இந்த ஊரில் ஆலைகள் மூடியிருக்கின்றன, கம்பெனிகள் இடம் மாறியிருக்கின்றன. சாவுக்கு மட்டும் விடுமுறை விட்டதில்லை.

பட்டப்பெயருக்குக் காரணம் அவர் நாற்பது வருடமாகச் சொல்லிவரும் ஒரு கதை. 1985இல் 'இரும்புத் துறைமுகம்' என்ற படத்தின் பின்னணி இசையில், முப்பத்தெட்டு வயலின்களோடு சேர்ந்து தானும் டிரம் அடித்ததாக. படம் எட்டு நாள் ஓடியது. பார்த்தவர்கள் மறக்க முயன்று வெற்றி பெற்றுவிட்டதால், சரிபார்க்க ஆளில்லை. அவருடைய மனைவி கெங்கம்மாவே நம்பவில்லை.

"யோவ், சினிமால அட்ச்சேன்னா ஒரு போட்டோ கீதா? ஒரு சீட்டு கீதா? ஹார்பர்ல படம் எட்த்துகினு இருந்துருப்பானுங்க, நீ மூட்டைய போட்டுட்டு வேடிக்கை பாத்துருப்ப. அத்த வச்சிகினு நாப்பது வருசமா ஊருக்கே பூ சுத்தினு கீற."

நடந்தது இதுதான். படத்தின் இசையமைப்பாளர் ஒரு நாள் காரில் போகும்போது புளியந்தோப்பில் ஒரு சவ ஊர்வலத்துக்காகக் கார் நின்றது. அந்த டிரம் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது. துறைமுகத்தில் கதாநாயகன் சாகும் கட்டத்துக்கு இதே சத்தம் வேண்டும் என்றார். மறுநாளே உதவியாளர் வந்து இருபத்திரண்டு வயது லட்சுமணனையும் டிரம்மையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் தயாரிப்பாளர் குறுக்கே நின்றார். சாவு மேளம் கூடத்துக்குள் வந்தால் படம் படுத்துவிடும் என்றார். வாசலில் அப்போதுதான் பூசணிக்காய் உடைத்திருந்தார். இந்த அறிவாளிகளின் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது லட்சுமணனைக் கூட்டிவரத்தான். அவர் அடித்து, நடந்து, அவர்களுடைய அப்பாவைச் சுடுகாடு சேர்த்தபின் அதே கை தீட்டாகிவிடும். இசையமைப்பாளர் பத்து நிமிடம் சண்டை போட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மேதைகளும் மணிக்கணக்கு வாடகைக்குக் கட்டுப்பட்டவர்கள். லட்சுமணனை வெளியே, கழிவறைக்குப் போகும் நடையில் உட்கார வைத்தார்கள். நடையின் மறுகோடியில், கழிவறையை ஒட்டி, அவருக்கென்று ஒரு மைக் வைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். கதவிலிருந்த ஒரு சாண் கண்ணாடியில் உதவியாளரின் கை தெரியும், அதைப் பார்த்து அடிக்க வேண்டும் என்றார்கள்.

மேளம் வெளியே இருந்தது. படம் அப்படியும் படுத்தது. இதிலிருந்து எந்தத் தயாரிப்பாளரும் எந்தப் பாடமும் கற்றதாகத் தகவல் இல்லை.

போன வருடம் லட்சுமணனின் மகள் செங்கொடி ஒரு செய்தியோடு வந்தாள். வங்கியில் எழுத்தராக இருப்பவள். 'இரும்புத் துறைமுகம்' படத்தின் இசை விரிவாக்கப் பதிப்பாக வெளிவருகிறதாம். பழைய இசைத்தட்டில் நாலு பாட்டுதான் இருந்தது. இதில் பின்னணி இசை முழுவதும், இரண்டு குறுந்தகடுகளில், நிராகரித்த டேக்குகள் உட்பட. கூடவே நாற்பத்தெட்டு பக்கப் புத்தகம். ஐந்நூறே பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு.

இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று கேட்கக் கூடாது. உலகம் முழுக்க இதற்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்ததில்லை. மீதிப் பேர் பார்த்தும் மன்னித்தவர்கள். ஒரு வயலின்காரர் தும்மியிருந்தால், எந்த டேக்கில், எந்த நிமிடத்தில் என்று குறித்து வைப்பார்கள். பதிப்பாளர் துலக்கி வெளியிட்ட மாதிரித் துண்டுகளை வைத்துக்கொண்டு, அவர்களுடைய இணையக் குழுவில் 'இரும்புத் துறைமுகம்' பற்றி இரண்டு வருடமாக விவாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த டிரம் ஏன் அவ்வளவு தொலைவிலிருந்து ஒலிக்கிறது? அது ஆழ்மனத்தின் குரல் என்றது ஒரு கட்சி. அதற்குப் பின்னால் மெல்லிய அலைச் சத்தம் கேட்கிறதே, இசைக்குள் கடலை எப்படிக் கொண்டுவந்தார்கள்? இசையமைப்பாளரின் மேதைமை என்றது எல்லாக் கட்சியும்.

புத்தகத்தின் மாதிரிப் பக்கத்தை வெளியிட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு வயலின்காரர்களின் பெயரும் இருந்தது. கடைசி வரியைச் செங்கொடி வாசித்தாள்.

"பெரிய டிரம்: பம்பாயிலிருந்து வரவழைக்கப்பட்ட கலைஞர், பெயர் தெரியவில்லை."

லட்சுமணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். "பேரு தெரிலன்னு போட்டுக்கோ, பரவால்ல. பம்பாயின்னு எப்டி போடுவான்? நான் மெட்ராஸ தாண்டினதே இல்ல."

"திங்கக்கிழம அச்சுக்குப் போவுது நைனா. வா, நாளைக்கே போலாம்."

"நானும் வர்றேன்," என்றாள் கெங்கம்மா. "அவன் இவர தொரத்தும்போது ஒரு ஆளு சாட்சி வோணும்ல."

சனிக்கிழமை காலை மூவரும் ஷேர் ஆட்டோவில் கல்மண்டபம் போனார்கள். மீன் வலை விற்கும் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. அங்கேதான் ஜெரின் இருந்தார். ராயபுரத்துக்காரர், மென்பொருள் வேலையை விட்டுவிட்டுப் பழைய ஒலிநாடாக்களைத் துலக்கி வெளியிடுகிறவர். மரியாதையாக நாற்காலி போட்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடியது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அறிவிப்பு வந்ததுலேந்து உங்களோட சேத்து பதிமூணு பேர் வந்துட்டாங்க. ஒருத்தர் வீணை வாசிச்சேன்னார். படத்துல வீணையே கெடையாது. இன்னொருத்தர், 'நான்தான் மியூசிக் டைரக்டர், சாகல, தலைமறைவா இருக்கேன்'னார். ஆதாரம் இல்லாம பேர் போட முடியாது."

"ஆதாரம் எங்கூட்டுக்காரர் வாய்தான்," என்றாள் கெங்கம்மா. "நாப்பது வருசமா ஓயல."

"ஒண்ணு பண்ணலாம். ஹீரோ சாகற எடத்து மியூசிக்கைப் போடறேன். கேட்டுட்டு, எந்த எடத்துல என்ன அடிச்சீங்கன்னு சொல்லுங்க."

ஒலிபெருக்கியில் முப்பத்தெட்டு வயலின்களும் ஒன்றாக எழுந்தன. அறையே மிதந்தது. கெங்கம்மா கூட வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். நாலரை நிமிடம். லட்சுமணன் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டினார்.

"சோக்கா கீது சார். ஆனா இது நான் அட்ச்சது இல்ல."

செங்கொடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நைனா!"

"பொய் சொல்ல சொல்றியா? நான் அட்ச்சப்போ வயலினே இல்லம்மா. நானு, டிரம்மு, அந்தாண்ட கக்கூஸு. அவ்ளோதான்."

"கெளம்புய்யா," என்று கெங்கம்மா எழுந்துவிட்டாள். "மானம் போச்சு."

ஜெரின் எழவில்லை. "சார், கடைசியா என்ன சொன்னீங்க?"

"கக்கூஸு. என்னைய நடையிலதான் குந்த வச்சாங்க. கதவ சாத்திட்டா உள்ள இன்னா வாசிக்கிறாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? ஒரு சாண் கண்ணாடில ஒரு கை தெரியும். அது அசைஞ்சா அடி. அதுக்குள்ள எவனாச்சும் உள்ள போய்ட்டு சங்கிலிய இஸ்துட்டு வருவான். தண்ணி கொட்டும். அடுத்த டேக்கு."

ஜெரின் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பிறகு கணினியில் வயலின்களை எல்லாம் நிறுத்திவிட்டு, டிரம்முக்கென்று தனியாக வைத்த மைக்கின் பதிவை மட்டும் திறந்தார். தூரத்து டிரம். அதன் பின்னால் அந்த அலை. சலசலவென்று எழுந்து, மெல்ல அடங்கி, கடைசியில் 'களக்' என்று ஒரு முடிவு.

"கடல் அலை," என்றார் ஜெரின் ஈனக்குரலில். "எங்க கட்டுரையாளர் இதைப் பத்தி இருபது பக்கம் எழுதியிருக்கார்."

"கடலு எந்த ஊர்ல 'களக்'குனு முடியுது?" என்றாள் கெங்கம்மா. ஆனால் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

வயலின் இல்லாத வெறும் டிரம்மைக் கேட்டதும் லட்சுமணனின் விரல் மேசையில் தானாகத் தட்ட ஆரம்பித்திருந்தது. ஜெரின் அதைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது டேக்கைப் போட்டார். நிராகரித்த டேக் அது. ஆனால் சேகரிப்பாளர்களுக்கு அதுதான் உயிர். இரண்டாம் நிமிடத்தில் ஒரு நீண்ட மௌனம் வரும். அந்த மௌனத்துக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் இரண்டு பலத்த அடி விழும். கதாநாயகனின் கடைசி இரண்டு இதயத்துடிப்புகள் அவை என்று குழுவில் முடிவு செய்திருந்தார்கள்.

மௌனம் வந்தது. லட்சுமணனின் விரல் நின்றது. திடீரென்று, "திருப்பு!" என்று கத்தி, மேசையில் இரண்டு முறை ஓங்கி அடித்தார். அதே நொடியில் ஒலிபெருக்கியிலும் அந்த இரண்டு அடி விழுந்தது. ஜெரினின் தேநீர் கவிழ்ந்தது.

"பொணத்த தூக்கினு வர்றவனுக்கு முன்னாடி ரோடு தெரியாது சார்," என்றார் லட்சுமணன். "கூட்டம் மறைக்கும். அதனால எங்க செட்டுல முன்ன போறவன் எடது கைய வீசுவான். வீசுனா எடது பக்கம் மூலை வந்துச்சுன்னு அர்த்தம். நான் ரெண்டு போடுவேன். பின்னாடி தோள் குடுக்கிறவன் திரும்பிக்குவான். அன்னிக்கி அந்த உதவியாளரு எடது பக்கத்து வயலினுக்குக் கைய வீசிட்டாரு. என் கை சும்மா இருக்குமா? போட்டுட்டேன்."

"டேப்ப நிறுத்தாதீங்க, கேளுங்க," என்றாள் செங்கொடி. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை யாரும் அந்த இடத்துக்கு மேல் கேட்டதில்லை. துலக்கும்போது ஜெரினே டிரம் முடிந்ததும் வெட்டிவிடுவார். கதவு திறக்கும் சத்தம். கோபமான ஒரு குரல்: "யாருய்யா அது? இங்க என்ன பொணமா போகுது?" பிறகு டிரம் பக்கமிருந்து, இளம் குரல் ஒன்று: "சாரி நைனா. மூலை வந்துச்சுன்னு நெனச்சிகினேன்."

கெங்கம்மா ஒலிபெருக்கியையே பார்த்தாள். அந்தக் குரலை அவள் கல்யாணம் ஆன புதிதில் கேட்டிருக்கிறாள்.

"இது எங்கூட்டு ஆளு," என்றாள். அப்புறம் லட்சுமணனைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள். "கக்கூஸாண்டன்னு ஏன்யா சொல்லல? அத்த சொல்லியிருந்தா அன்னிக்கே நம்பிருப்பேன்ல."

லட்சுமணன் கவிழ்ந்த தேநீர்க் கோப்பையை நிமிர்த்தி வைத்தார். நாற்பது வருடமாக அவர் கதையில் விட்டுவிட்ட ஒரே பகுதி அதுதான்.

ஜெரின் அங்கேயே வரியைத் திருத்தினார். 'பெரிய டிரம்: லட்சுமணன், புளியந்தோப்பு.' பம்பாய் போயிற்று. செங்கொடிக்குக் கண் கலங்கியது. லட்சுமணன் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இன்னொண்ணு கீது," என்றார். "எங்க குந்தினு அட்ச்சேன்னு போடு."

ஜெரின் நெளிந்தார். "சார், பேரு வந்துடுச்சே. அது எதுக்கு? மியூசிக் டைரக்டர் குடும்பம் வருத்தப்படும். வாங்கறவங்களுக்கும் அந்தத் தொலைவுதான் பெரிய மயக்கமே."

"பேர மட்டும் போட்டா, நானும் உள்ள ஏசில அவங்களோட குந்தினு அட்ச்சேன்னு நெனப்பாங்க. அது பொய்யி. நாப்பது வருசமா நான் அந்தப் பொய்யத்தான் சொன்னேன். போதும். இல்லன்னா பேரும் வோணாம். பம்பாய்க்காரனே இருக்கட்டும்."

செங்கொடி பதறினாள். ஜெரின் ஆதரவுக்குக் கெங்கம்மாவைப் பார்த்தார். அது அவர் செய்த தவறு.

"போடு தம்பி. நாப்பது வருசம் நம்பாதவ நானு. எனக்கே அந்தத் தண்ணி சத்தம் கேட்டப்புறந்தான் நம்பிக்கை வந்துச்சு. உன் ஜனங்களுக்கு மட்டும் எப்டி வரும்?"

ஜெரின் கட்டுரையாளருக்குப் போன் போட்டார். அலையைப் பற்றிச் சொன்னார். மறுமுனையில் நீண்ட மௌனம். மூன்றாவது டேக்கில் இருப்பதை விட நீளம். "இருபது பக்கம் ஜெரின்," என்று ஒரு குரல் கெஞ்சியது. "ரெண்டு பக்கமா குறைங்க சார். கடலை எடுத்துட்டு கக்கூஸ் தொட்டின்னு போட்டுடுங்க," என்றார் ஜெரின்.

புத்தகம் அப்படியே வந்தது. முப்பத்தொன்பதாம் பக்கத்தில், முப்பத்தெட்டு வயலின்காரர்களுக்குக் கீழே: 'பெரிய டிரம்: லட்சுமணன், புளியந்தோப்பு. சாவு மேளம் என்று கூடத்துக்குள் விடாததால், கழிவறை நடையில் அமர்ந்து வாசித்தார்.' துலக்கும்போது நீக்கியிருந்த 'களக்'கையும் ஜெரின் திரும்பச் சேர்த்தார். ஐந்நூறு பிரதியும் பத்தே நாளில் தீர்ந்தன. முதல் எண் போட்ட பிரதி மூன்றாவது மாடியில் இருக்கிறது. வீட்டில் அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை. கெங்கம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள்; எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களையும் விடுவதில்லை, 'நடை' வரைக்கும் படித்தாக வேண்டும்.

போன மாதம் கொருக்குப்பேட்டையில் ஒரு பெரிய சாவு. ஜெரினோடு இரண்டு சேகரிப்பாளர்கள் வந்திருந்தார்கள், அந்த இரண்டு அடியை நேரில் பதிவு செய்ய. நீளக் கம்பியில் மைக்கைக் கட்டிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால், லட்சுமணனைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார்கள். மைக் டிரம்மில் இடிக்கும் தூரத்துக்கு வந்ததும், அவர்களில் ஒருவர், மைக்கைத் தள்ளிப் பிடி என்று நண்பருக்கு இடது கையை வீசினார்.

லட்சுமணனின் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு போட்டார். தோள் கொடுத்தவர்கள் சட்டென்று இடது பக்கம் திரும்பினார்கள். பாடை, பூ, உறவு, பட்டாசு எல்லாம் ஒரு முட்டுச்சந்துக்குள் போய், சரக்கு ரயில் நிலையத்துச் சுவரில் முட்டி நின்றன.

"எவன்டா அவன் திருப்புனது?" என்று பாடைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

லட்சுமணன் மைக்கைப் பார்த்தார். "இந்த வாட்டி நான் இல்ல நைனா," என்று தெளிவாக, அது பதிவாகும்படி சொன்னார்.