பொறுப்பாளர்: அந்தோணி

சென்ற ஞாயிறு காலை குளச்சலிலிருந்து அந்தோணியின் மகள் பேசினாள். "அப்பா போயிட்டாரு அங்கிள். உங்ககிட்ட முதல்ல சொல்லச் சொல்லியிருந்தாரு." ஆறுதல் சொல்லத் தெரியாமல் "சரிம்மா" என்றேன். அதற்கே வெட்கமாக இருந்தது.

துபாயில், சத்வா அறையில் எங்களோடு தங்கியிருந்தவர்களுக்கு அவருடைய சிரிப்பு நினைவிருக்கும். ஜெபல் அலி கிடங்கில், கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதன் விளக்கு அணைந்தால் எனக்குப் போன் செய்வார். அலுவலகத்திலிருந்து நான் வழி சொல்வேன். பிறகு நிர்வாகம், தூரத்திலிருந்தே கண்காணிக்கக்கூடிய புதுப் பெட்டி வாங்கியது. அதை அமைப்பது என் பொறுப்பு. அமைத்து முடிந்தால் அந்தோணிக்கு அங்கே வேலை இல்லை. இது எங்கள் இருவருக்கும் தெரியும். "நான் மாட்டித் தாறேன், நீங்க தயங்காம செட் பண்ணுங்க சாரே" என்று அவரே அதைப் பொருத்திக் கொடுத்தார்.

மேலாளர் பார்வையிடுவதற்கு முந்தின நாள், அலுவலகத்தில் இருந்தபடியே நெட்வொர்க்கில் பெட்டிக்கு உள்ள எண் முகவரியை மாற்றினேன். எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பவன் நான். அன்று ஓர் எண் தவறிவிட்டது. பெட்டி என் திரையிலிருந்து மறைந்தது. இனி யாராவது நேரில் போய்க் கேபிள் செருகினால்தான் உண்டு. வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை; சர்ச்சில் இருந்த அந்தோணியை அழைத்தேன்.

"என்ன சாரே, வீட்டைப் பூட்டிச் சாவிய உள்ளயே போட்டுட்டீங்களா? இப்பம் போறேன்."

கிடங்கிலிருந்து அவர் பேசியபோது சொன்னேன்: "மேலாளர்கிட்ட நடந்ததைச் சொல்லிடறேன். அங்க ஆள் வேணும்னு புரியட்டும்."

"சொன்னா நம்ம ரெண்டு பேருக்கும் கலாஸ், வேலை போயிரும். உங்க பொண்ணு காலேஜு முடியட்டும். எண்ணைச் சொல்லுங்க, அடிக்கேன்."

நான் சொல்லச் சொல்ல அடித்தார். கடைசியில், "பொறுப்பாளர் பேரு கேக்குது" என்றார்.

"உங்க பேரையே போடுங்க."

சிரித்தார். "பேராவது டூட்டில இருக்கட்டும்."

மறுநாள் கிடங்கில் மேலாளர் என்னைப் பாராட்டினார். "நேத்து அந்தோணிதான்..." என்று தொடங்கினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பின்னாலிருந்து அந்தோணி இந்தியில் குறுக்கிட்டார்: "சப் டீக் ஹை, சாப்." நிறுத்திக்கொண்டேன். அந்தக் கணத்தில் எனக்கு வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, இன்னும் போகவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை, கிடங்கில் எந்த இணைப்பு அறுந்தாலும் என் திரையில் அவர் பெயர் வந்து நின்றது. மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. அந்த நிறுவனத்தில் நான் சொல் கேட்காத ஒரே இடம் அது. அவருக்காக என்னால் முடிந்த துணிவு அவ்வளவே. அவருக்குச் செய்ததாகச் சொல்ல என்னிடம் இருப்பது அது மட்டும்தான்.