எட்டு விநாடி

டீச்சருக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும் என்பது அவருடைய தெருவுக்கே தெரியும். பன்னிரண்டு வருடம் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர். பள்ளியை இழுத்து மூடிய கடைசி நாளில்கூட, வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன ஒருவனை நிற்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார் என்று அவருடைய நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அது பொய்யில்லை.

அதே டீச்சரைப் பற்றித்தான், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர், இவ்வளவு பொறுமையான இயந்திரத்தைப் பார்த்ததே இல்லை என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

விஷயம் இதுதான். பாடம் சொல்லித்தரும் செயற்கை நுண்ணறிவு ஒன்றைச் செய்யத் திட்டம். அப்படி ஒன்று இருந்தால் மனிதர்கள் அதனோடு எப்படிப் பேசுவார்கள், எங்கே முழிப்பார்கள், எங்கே எழுந்து போவார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். ஆனால் இயந்திரம் இன்னும் பிறக்கவில்லை. அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் கற்க வருகிறவரை உட்கார வைத்து, "நீங்கள் பேசப்போவது இயந்திரத்தோடு" என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பக்கம் டீச்சர் உட்கார்ந்து தட்டச்சு செய்வார். உண்மையைப் பிறகு சொல்வோம் என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. யாருக்கும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

டீச்சரின் அறைக்கு ஜன்னல் கிடையாது. மேஜையில் இரண்டு திரைகள். ஒன்றில் உரையாடல் ஓடும், இன்னொன்றில் அந்தப் பக்கத்து ஆளின் கைகள் மட்டும் தெரியும். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: இரண்டு வரிக்கு மேல் கூடாது, நகைச்சுவை கூடாது, தெரிந்தவர் வந்தால் உடனே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, டீச்சர் அனுப்புகிற பதில் எட்டு விநாடி கழித்துத்தான் போய்ச்சேரும்.

"மெஷின் யோசிக்குதுன்னு அவங்க நம்பணும் டீச்சர்," என்றார் திட்டத்தின் தலைவர். "அதுக்குத்தான் அந்த எட்டு செகண்ட்."

அந்த எட்டு விநாடிக்குள் அனுப்பியதைத் திரும்பப் பெற்று மாற்றி எழுதலாம். டீச்சரின் பொறுமை முழுவதும் அதற்குள்தான் இருந்தது. இது தெரிந்தது இரண்டே பேருக்கு, அவருக்கும் எனக்கும். அன்றாட உரையாடல்களை எடுத்து அடுக்குவது என் வேலை. அனுப்பிய வரிகள் கறுப்பிலும் அழித்த வரிகள் சாம்பல் நிறத்திலும் என் கணினிக்கு வந்துசேரும்.

சாம்பலில்: "தலைக்குள்ள என்ன களிமண்ணா?"

அதன் கீழே கறுப்பில்: "அவசரமே இல்லை. இன்னொரு முறை பார்ப்போம்."

இப்படிப் பக்கம் பக்கமாக. முதல் வாரம் நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. காரணம், டீச்சரின் வீடு.

டீச்சருக்கு ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் தேறாவிட்டால் அவள் கேட்கிற அறிவியல் பிரிவு கிடையாது. மகள் தன்னிடம் உட்கார்ந்து கணக்குப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர டீச்சருக்கு அந்த வருடம் வேறு ஆசையே இருக்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வாய். ஆனால் சாப்பாட்டு மேஜையில் இருவரும் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் பென்சில் பறக்கும். அடுத்த அறையில் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். "நீ சொல்லித் தரவே வேணாம்மா," என்று மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவாள்.

ஒருநாள் கைகள் தெரியும் திரையில் டீச்சருக்குப் பழக்கமான கை ஒன்று வந்து உட்கார்ந்தது. மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. நாத்தனார். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், மேற்பார்வையாளர் தேர்வுக்குச் சதவீதக் கணக்குப் படிக்க விளம்பரம் பார்த்து வந்திருந்தார். தாளில் இருந்தபடி டீச்சர் உடனே எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இருநூற்றைம்பது சட்டையில் ஆறு சதவீதம் கழிவு என்றால் எத்தனை சட்டை வீண்? நாத்தனார் "ஆறு" என்று அடித்தார். சாம்பலில் களிமண் வந்தது, போனது. பிறகு கறுப்பில் இப்படி:

"அவசரமே இல்லை. நூறு பொத்தான் உள்ள ஒரு டப்பாவில் ஆறு உடைந்தவை என்று வையுங்கள். இப்போது உங்களிடம் அப்படி இரண்டரை டப்பா இருக்கிறது."

அந்தக் கை விரல்விட்டு எண்ணியது. பிறகு பதினைந்து என்று அடித்தது. நான்கு நாள் வந்தார். தேர்வில் தேறினார். அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்து அண்ணன் மகளிடம்தான் முதலில் சொன்னார்.

"என்ன பொறுமை தெரியுமாடி அதுக்கு? ஒரு தடவைகூட மூஞ்சியச் சுளிக்கல. உங்கம்மாகிட்ட அடி வாங்குறத விட்டுட்டு, அந்த மெஷின் வெளிய வந்ததும் அதுகிட்ட படி. அண்ணி, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

மறுநாள் ஆய்வுக்கூடத்துக் காபி இயந்திரத்தின் முன் நின்று டீச்சர் என்னிடம் சொன்னார்: "என்னையும் என்னையும் ஒப்பிட்டு, என்னையே திட்டிட்டுப் போறா. நான் உக்காரவச்சு டிபன் போட்டுக் குடுத்தேன்."

ரகசியம் காப்பதாக டீச்சர் கையெழுத்துப் போட்டிருந்தார். நானும்தான்.

ஆய்வு முடிந்தது. "இனிமே மெஷினே பாத்துக்கும் டீச்சர்," என்று தலைவர் கைகுலுக்கி அனுப்பிவைத்தார். கறுப்பு வரிகள் எல்லாவற்றையும் இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தோம். சாம்பல் வரிகளை அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன்.

பத்து மாதம் கழித்து மகளின் பள்ளியிலேயே அந்த இயந்திரத்தைக் கொடுத்தார்கள். ஒரு மாலை அவள் கைபேசியைப் பார்த்து வாய்விட்டுப் படித்தாள். "அவசரமே இல்லை. நூறு பொத்தான் உள்ள ஒரு டப்பா..."

டீச்சர் கையில் இருந்த பாத்திரத்தை வைத்தார். "அது நான்டி," என்றார்.

"எது?"

"அந்தப் பொத்தான் டப்பா. நான் சொன்னது. உங்க அத்தைக்கு."

மகள் சிரித்தாள். அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். "அண்ணியா?" என்றார் நாத்தனார். "அது என்னை வாங்க போங்கன்னுல்ல பேசிச்சு."

அன்றுதான் டீச்சர் என்னை அழைத்தார். "நீங்கதான் எல்லாத்தையும் பாத்தவர். ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லிட்டுப் போங்க தம்பி. போதும்."

நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை; இங்கே தங்குவதற்கான அனுமதி அந்த ஆய்வுக்கூடம் தரும் கடிதத்தில்தான் ஒவ்வொரு வருடமும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மாதம் கடிதம் வர வேண்டிய மாதம். "பாக்கறேங்க," என்றேன். போகவில்லை.

நான் வர மாட்டேன் என்பது புரிந்ததும், தானே காட்டிவிடுவதென்று டீச்சர் முடிவுசெய்தார். மகளை அறையில் உட்கார வைத்து, தான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "கேள்வியை எனக்கும் அனுப்பு, அதுக்கும் அனுப்பு. ரெண்டையும் பாரு." மகளுக்கு அது விளையாட்டாக இருந்தது, ஒப்புக்கொண்டாள். டீச்சர் ஒவ்வொரு பதிலையும் எழுதி, வாய்க்குள் எட்டு வரை எண்ணி, திருத்தி, அனுப்பினார். மூன்று கேள்வி நன்றாகப் போயிற்று. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறது என்று மகளே உள்ளிருந்து சொன்னாள்.

நாலாவது கேள்வியில் குரல் வந்தது. "அம்மா, தூங்கிட்டியா? இது அப்பவே சொல்லிடுச்சு."

வெளியே வந்த இயந்திரத்தில் எட்டு விநாடி கிடையாது. காத்திருக்கும்போது எத்தனை பேர் நகம் கடித்தார்கள், எத்தனை பேர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள் என்று எண்ணி, தாமதத்தை எடுத்துவிடலாம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தவன் நான்.

ஐந்தாவது கேள்விக்கு டீச்சர் எண்ணவில்லை. எழுதினார், அனுப்பினார்.

மகள் எழுந்து சமையலறைக்கு வந்தாள். கைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு பக்கம் பொத்தான் டப்பா. இன்னொரு பக்கம், தலைக்குள்ள என்ன களிமண்ணா.

"பாத்தியா?" என்றாள். "இதுதான் நீ."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள் என்று டீச்சர் பிறகு என்னிடம் சொன்னார். தேர்வு முடிவு வந்த அன்று அழைத்திருந்தார். நான் வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எண்பத்தொண்ணு வாங்கியிருக்கா தம்பி. தெருவுல எல்லாரும் யாரு சொல்லிக் குடுத்தான்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மெஷின்னுதான் சொன்னேன். வேற என்ன சொல்ல?"