இரண்டாம் முறை எழுதிய கணக்கு

கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக அமிலப் புட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவள் சந்திரகலா. புட்டி உடைந்தாலும் பதறமாட்டாள், மேனேஜர் கத்தினாலும் அசையமாட்டாள். நாற்பத்தொரு வயதில் அவளைப் பதறவைத்தது ஒரு கணக்குப் புத்தகம்.

லேப் சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் கல்லூரி சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறது. முதல் பாடமே கால்குலஸ். மூன்றாம் வாரம் ஒரு தேர்வு. அதில் ஐம்பதுக்குக் கீழே வாங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

போனால் போகட்டும் என்று விட அவளால் முடியாது. இருபது வருஷத்துக்கு முன் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதல் வருஷத்தில் இதே கால்குலஸில் ஃபெயிலானாள். திரும்ப எழுதத் துணிச்சல் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் அம்மாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால்தான் படிப்பை நிறுத்தினேன் என்று ஊருக்குச் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். அம்மாவும் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கணவர் பரமேஸ்வரன் அதை நம்பியதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. பள்ளி வேன் ஓட்டுகிற மனிதர், வாய் ஓயாது. பிள்ளையை ஏற்றிவிட வருகிற தாய்மார்களிடமெல்லாம், "என் ஒய்ஃப் கணக்குல புலி லா. அம்மாவுக்காக யூனிவர்சிட்டியையே விட்டுட்டு வந்தவ" என்று பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது, "திரும்பப் படிக்கிறா, பாருங்க என்ன மார்க் எடுக்கிறான்னு" என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தத் தேர்வில் அவள் விழுந்தால் பழைய பொய்யும் சேர்ந்து விழும். அந்தப் பயம்தான் அவளைத் தின்றது.

முதல் நாள் வகுப்பில் பக்கத்துப் பெண், "ஆன்டி, பேரண்ட்ஸ் எல்லாம் வெளிய வெயிட் பண்ணலாம்" என்று மரியாதையாகச் சொன்னாள். அதைக்கூடச் சிரித்துச் சமாளித்துவிடலாம். விரிவுரையாளர் சுகுமாறன் பேச ஆரம்பித்ததும்தான் சமாளிக்க வழி தெரியவில்லை. டெரிவேட்டிவ், இன்டக்ரல் என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். அவள் காலத்துப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்தார்கள், அதற்கு மேலே பல்கலைக்கழகம் வரை எல்லாம் மலாய். அவர் சொன்ன சொல் ஒன்றுகூட அவளுக்கு ஒட்டவில்லை. எல்லாம் மறந்துபோய்விட்டது, மூளை துருப்பிடித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள்.

தேர்வு நாளும் வந்தது. முதல் கேள்வியை மூன்று தரம் படித்தாள். எழுத்தெல்லாம் கண்முன் மிதந்தது. எழுந்து போய்விடலாமா என்று கதவைப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு முன்னும் இப்படித்தான் கதவைப் பார்த்தாள். பிறகு வார்த்தைகளை விட்டுவிட்டுக் குறிகளையும் எண்களையும் மட்டும் பார்த்தாள். அட, இது பெம்பெஸான் அல்லவா? சுகுமாறனின் டெரிவேட்டிவ், அப்போது மலாயில் படித்த அதே பாடம். கை தானாக ஓடியது. 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்று அவள் முணுமுணுத்ததில் முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாளைப் புரட்டினாள். 'தரப்பட்டது' என்பதற்கு 'டிபெரி' என்று தொடங்கி, வரிக்கு வரி 'ஆகவே'க்கு 'மாக்கா' போட்டு, ஆறு பக்கத்தையும் மலாயிலேயே எழுதி வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: பதில்கள் ஆங்கிலத்தில் மட்டும். மாற்றி எழுத நேரமில்லை. தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ஒரு வாரம் அவள் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. போன் அடித்தால் கல்லூரியோ என்று திடுக்கிட்டாள். எப்படி எழுதினாய் என்று கேட்ட பரமேஸ்வரனிடம், பரவாயில்லை என்று மட்டும் சொன்னாள்.

மறு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சுகுமாறன், "அக்கா, நீங்க கொஞ்சம் இருங்க" என்றார். மற்றவர்கள் போனதும் அவள் தாளை எடுத்து நீட்டினார்.

"ரூல் ரூல்தான் அக்கா. மலாய்ல எழுதினதுக்குப் பத்து மார்க் வெட்டிட்டேன். ஸ்டெப்பெல்லாம் சரி, ஆனா பல கணக்குல விடை தப்பு. நாலாவது கணக்குல மைனஸை விட்டுட்டீங்க. அடுத்த தடவை இப்படி எழுதினா நான் திருத்தமாட்டேன்."

ஐம்பத்து நான்கு. கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தோஷம்தான். ஆனால் பயம் இறங்கவில்லை. இந்தத் தாளைக் காட்டினால் போதும், பழைய பொய் இனி வெளியே வரவே வராது. ஆனால் இன்னும் எத்தனை தேர்வு இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் இந்தப் பொய்யையும் தூக்கிக்கொண்டு போக அவளால் ஆகாது.

ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஒட்டுக்கடையில் பரமேஸ்வரன் தே தாரிக் தேநீரோடு காத்திருந்தார். அவள் தாளை மேசையில் வைத்தாள்.

"பாஸ் பண்ணிட்டேங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். அப்போ நான் அம்மாவுக்காகப் படிப்ப நிறுத்தல. இதே கணக்குல ஃபெயில். பயந்துபோய் ஓடியாந்துட்டேன்."

பரமேஸ்வரன் கிளாஸைக் கீழே வைத்தார். தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் வாய் மூடியிருந்து அவள் பார்த்ததே இல்லை.

அப்புறம் அவர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, என் ஒய்ஃப் இருபது வருஷத்துக்கு முன்ன கணக்குல ஃபெயிலு. இன்னிக்கு அதே கணக்குல பாஸ் பண்ணிட்டு வந்திருக்கா லா."

சந்திரகலா தலையைக் குனிந்துகொண்டாள். எந்த வார்த்தை வெளியே வரக்கூடாது என்று இத்தனை வருஷம் நடுங்கினாளோ, அது பட்டப்பகலில் நாலு பேர் காதில் விழுந்துவிட்டது. கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"நல்லது லா அண்ணே. அக்காவுக்கு சீனி குறைச்சுப் போடவா?"