ரெனிஷா விற்ற கிளிப்பச்சை

ரெனிஷாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் இனையம் ஊர்ப் பக்கத்துக் கடற்கரைத் தெருக்களில் இரண்டு மூன்று வாசல்களிலாவது ஆள் வந்து நிற்கும்.

"எனக்கு ஒண்ணும் வரல்லியாட்டி?"

"ஆர்டர் போட்டாத்தானே வரும் மைனி" என்று வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போவாள்.

இந்த வேலையை யாரும் கூப்பிட்டு அவளுக்குக் கொடுக்கவில்லை. முன்பெல்லாம் கூரியர்க்காரர்கள் தெருவுக்குள் இறங்க மாட்டார்கள். ஜங்ஷனில் நின்று போன் அடிப்பார்கள். எடுக்காவிட்டால் ஜான்ரோஸின் பலசரக்குக் கடையில் பார்சலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ரெனிஷாவின் கணவன் பெனிட்டோ ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். மகள் அபினா பள்ளிக்கூடம் போன பிறகு பகல் முழுக்க வீட்டில் சும்மா இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் ஜங்ஷனுக்கே போய் கூரியர்க்காரனிடம் கேட்டாள்.

"தம்பி, தெருவுக்குள்ள நான் கொண்டு குடுக்கேன். பார்சலுக்கு இவ்வளவுன்னு தருவியா?"

அவன் ஆபீசில் கேட்டுச் சொன்னான். அடுத்த வாரம் பார்சல் சாக்கு அவள் வண்டியில் ஏறியது. கொஞ்ச நாளில் தேங்காப்பட்டணம் வரைக்கும் அவளே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தாள்.

பிறத்தியார் சாமானைச் சுமக்கிற வண்டியில் நம்ம சாமானையும் வைத்தால் என்ன என்று தோன்ற அதிக நாள் ஆகவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு மொத்தக் கடைக்காரர் சேலை, நைட்டி, பாத்திரம் என்று தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். அதை ரெனிஷா தன் குழுவில் போடுவாள். போன் பார்த்துப் பழகாதவர்களுக்கென்று படம் போட்ட கேட்டலாக் ஒன்றும் பையில் இருக்கும். பார்சல் கொடுக்கிற வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே அதை விரித்து வைப்பாள். வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பக்கத்தை அவர்களே புரட்டுவார்கள்.

அப்படித்தான் கோயில் பாடகர் குழுவின் ஆர்டர் கிடைத்தது. மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு இருபத்திரண்டு பெண்களுக்கும் ஒரே மாதிரி நீலச் சேலை. வெள்ளை ஜாக்கெட் எல்லோரும் தைத்து வைத்துவிட்டார்கள். குழுவின் தலைவி செசிலி, ரெனிஷாவின் படத்தைப் பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்தாள்.

கொடியேற்றம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். புதன்கிழமை மத்தியானம் சேலைக் கட்டு வந்தது. செசிலியின் வீட்டு முன்னறையில் எல்லோரும் சுற்றி நிற்க, ரெனிஷா கத்தரிக்கோலால் கட்டைப் பிரித்தாள். உள்ளே இருந்தது நல்ல கிளிப்பச்சை. மேலே ஒன்றுதான் இப்படியோ என்று அடுத்ததை எடுத்தாள். அதுவும் பச்சை. அடி வரைக்கும் பச்சை.

"ஏட்டி, மாதாவுக்கு நீலமாக்கும்" என்றாள் செசிலி. "இத உடுத்திட்டு நாங்க எந்த முகத்தோட மேல ஏறிப் பாடுவோம்?"

ரெனிஷா அங்கேயே நின்று கடைக்காரருக்குப் போன் போட்டாள். "கட்டு மாறிப் போச்சு கேட்டீங்களா. அடுத்த வாரம் மாத்தித் தாரேன்" என்றார் அவர். அடுத்த வாரம் திருவிழா பாதி முடிந்திருக்கும். பணத்தையாவது திருப்பித் தாரும் என்றதற்கு, அது வழக்கம் இல்லை என்று வைத்துவிட்டார்.

முன்னறையில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். ரெனிஷாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் கட்டைத் திரும்பக் கட்டி எழுந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை காலையில நீலம் உங்க கையில இருக்கும். நான் சொல்லுதேன்லா."

சொல்லிவிட்டாள். மார்த்தாண்டத்தில் வேறு கடையில் நீலம் கிடைக்கும். ஆனால் கையில் இருந்த பணமெல்லாம் இந்தப் பச்சையில் மாட்டிக் கிடந்தது. இதை விற்றால்தான் அதை வாங்கலாம். இருபத்திரண்டு பச்சைச் சேலை மொத்தமாக யாருக்கு வேண்டும்? ஜான்ரோஸ் கடை முன்னால் வண்டியில் உட்கார்ந்தபடியே அவள் தெருத் தெருவாக, வீடு வீடாக மனதுக்குள் போய்ப் பார்த்தாள். தேங்காப்பட்டணம் ஹமீதா பீவி வீட்டு வாசலில் மனம் நின்றது. அவருடைய மகள் ஷஹ்லாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். முந்தின வாரம் அந்த வீட்டுக்குக் கொண்டுபோன பெட்டியை அவர்கள் அவள் முன்னாலேயே திறந்தார்கள். முழுக்கப் பச்சைக் கண்ணாடி வளையல். கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி இடுகிற மைலாஞ்சிக்கு வீட்டுப் பெண்கள் எல்லோரும் பச்சை உடுத்துவார்கள்.

வண்டியைத் திருப்பினாள்.

ஹமீதா பீவி வாசலுக்கே வந்தார். "இன்னைக்கும் பார்சல் உண்டோ மோளே?"

"பார்சல் இல்ல உம்மா. மைலாஞ்சிக்குப் பெண்டுகளுக்கெல்லாம் சாரி எடுத்தாச்சா?"

"எங்க எடுத்தது? ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பச்சை காட்டுதா. இலைப்பச்சைங்கா ஒருத்தி, பாசிப்பச்சைங்கா இன்னொருத்தி."

ரெனிஷா கட்டை அவிழ்த்து ஒரு சேலையை விரித்தாள். உள்ளே இருந்து ஷஹ்லாவும் அவள் மாமிமார்களும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொன்று தோளில் போட்டுப் பார்த்தார்கள். ஹமீதா பீவி மட்டும் துணியை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டார். "இவ்வளவு சாரி ஒரே நிறத்துல உனக்கு எப்பிடி வந்து?"

மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. "கோயில் பாட்டுக்காரிகளுக்கு நீலம் கேட்டேன் உம்மா. பச்சை வந்துட்டு."

"தப்பா வந்த சாமான்னா விலையும் குறையணும்லா?"

"சாரி தப்பில்ல, நிறம்தான் தப்பு. அது அவியளுக்கு. உங்களுக்கு நிறம் சரியாக்கும். பின்ன என்னத்துக்குக் குறைக்கணும்?"

ஹமீதா பீவி சிரித்துவிட்டார். ஆனாலும் கல்யாண வீட்டுக்காரர் இல்லையா, கொஞ்சம் குறைக்க வைக்காமல் விட மாட்டார். ரெனிஷாவும் கொஞ்சம் குறைத்தாள், அதிகம் இல்லை. கட்டு அந்த வீட்டிலேயே நின்றுவிட்டது, பணம் கைக்கு வந்தது. வெறும் வண்டியில் திரும்பும்போது அவளுக்குத் தன்னையறியாமல் ஒரு பாட்டு வந்தது.

வியாழக்கிழமை காலையில் மார்த்தாண்டம் போனாள். பழைய கடைப்பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. நான்காவது கடையில் கேட்ட நீலம் இருந்தது. டியூப் லைட் வெளிச்சத்தை நம்பாமல் ஒவ்வொரு சேலையையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்த்தாள். கடைப்பையன் முகத்தைச் சுளித்தான். ஒன்றில் முந்தானையில் கறை இருந்தது. காட்டினாள், மாற்றிக் கொடுத்தான். அன்று மாலையே, சொன்னதற்கு ஒருநாள் முன்னால், செசிலியின் வீட்டில் நீலம் இறங்கியது.

செசிலி நான்கு சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தாள். "பச்சையை என்ன செஞ்ச?"

"வித்தாச்சு."

"அதுக்குள்ளயா? ஆருக்குட்டி?"

"வேணும்னு இருந்தவியளுக்கு."

வெள்ளிக்கிழமை கொடி ஏறியபோது பாடகர் குழு நீலத்தில் நின்று பாடியது. ரெனிஷா கூட்டத்தின் பின்னால் நின்றாள். திருவிழாவுக்காகக் கரைக்கு வந்திருந்த பெனிட்டோ பக்கத்தில் நின்றான். பூசை முடிந்து வெளியே வருவதற்குள் அவனை நாலு பேர் நிறுத்தி, நீல நிறத்தில் வேறு டிசைன் இருக்குமா என்று விசாரித்துவிட்டார்கள்.

"ரெனிஷாவுக்க மாப்பிள்ளையான்னு கேக்கினும்" என்றான். பெருமையா குறையா என்று அவன் குரலில் பிடிபடவில்லை.

"ஆமான்னு சொன்னீங்களா?"

"பின்ன?"

சனிக்கிழமை ஹமீதா பீவி வீட்டிலிருந்து படம் வந்தது. வீடு நிறையக் கிளிப்பச்சை, கை நிறைய மைலாஞ்சி. அவரிடம் கேட்டுவிட்டு அதையும் குழுவில் போட்டாள். மறுவாரம் குளச்சலில் இருந்து ஒரு பெண் அழைத்து, தன் தங்கை மைலாஞ்சிக்கும் அதே பச்சை வேண்டும் என்றாள்.

"எத்தனை வேணும்?" என்று கேட்ட ரெனிஷா, "முதல்ல ஒண்ணு மட்டும் வாங்கி வெயில்ல வச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன், என்ன?" என்று சேர்த்துக்கொண்டாள்.