ஒற்றை மேடாகத் தெரிந்தது

நான் மெஷின் ரிப்பேர் செய்பவன். ஆஸ்பத்திரி, மருந்துக் கம்பெனி, தண்ணீர் சோதிக்கிற இடம் என்று, கலந்து கிடக்கிற சரக்குகளைப் பிரித்து அளந்து காட்டுகிற எச்பிஎல்சி மெஷின் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பேன். மெஷின் ஒழுங்காக ஓடும்வரை என்னை ஒருவரும் நினைப்பதில்லை. நின்றுபோனால் மட்டும் போன் அலறும். நான்தான் ஏதோ கைவைத்துக் கெடுத்துவிட்டுப் போனேன் என்பது போலப் பேசுவார்கள். அப்படிப் பேசாத ஒரே ஆள் வடிகட்டி அக்கா.

அந்தப் பெயரை வைத்தது லேபில் வேலை பார்த்த சின்னப் பெண்கள். மெஷினுக்குள் போகிற எந்தத் திரவத்தையும் அக்கா தன் கையால் வடிகட்டாமல் விடமாட்டார். கம்பெனிக்காரன் வடிகட்டித்தான் அனுப்பியிருப்பான், பாட்டில் மூடியில் சீல்கூட இருக்கும். அக்காவுக்கு மனசு ஆறாது. மெல்லிய வட்டத் தாளை வைத்து மறுபடி வடித்து, குமிழி போக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் ஊற்றுவார். "அக்கா ஊர்க்கதையைக்கூட வடிகட்டித்தான் காதுல வாங்குவாங்க" என்று பெண்கள் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கிற இடத்தைத் தாண்டி, அவருடைய அறை இருந்தது. ஏசி சத்தம் போடும், ஆனால் குளிராது. நடுவில் நீள மேசை, அதன்மேல் மெஷின், மூலையில் ரத்த மாதிரிகள் வைக்கிற பெரிய ஃப்ரீசர். என்னைப் பார்த்ததும் "வாங்க ஸ்பேனர்" என்பார். அக்கா வயதுப் பெண்கள் எல்லாரும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் அவரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நோயாளியின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. முக்கியமாக வலிப்பு மாத்திரை. அது ரத்தத்தில் குறைந்தால் வலிப்பு வரும், கூடினால் ஆள் தள்ளாடுவார். அதனால் டாக்டர்கள் ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். மெஷினில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு ஸ்டீல் குழாய், அதற்குள் இறுக்கி அடைத்த நைசான பொடி. ரத்தத்திலிருந்து எடுத்த சாற்றை ஒரு திரவம் அந்தப் பொடிக்குள் தள்ளிக்கொண்டு போகும். பொடியோடு ஒட்டிக்கொள்கிற சரக்கு பின்தங்கும், ஒட்டாதது முந்திக்கொண்டு வெளியே வரும். வெளியே வரும் ஒவ்வொன்றும் திரையில் ஒரு மேடு போடும். பீக் என்று சொல்வோம். மேடு பெரிதாக இருந்தால் சரக்கு நிறைய. ஒரு மாதிரியை ஓடவிட்டுவிட்டு ஆற அமரச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வரலாம். அந்தக் காலத்து மெஷின் அவ்வளவு நிதானம்.

அக்காவுக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள், இவர்தான் வளர்த்தார். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு. படிப்பு ஏறவில்லை, தையல் ஏறியது. அக்காவின் வெள்ளைக் கோட்டு அவன் தைத்தது. குனிந்தால் பேனா விழுகிறது என்று அக்கா ஒருதரம் சொன்னாராம், பை ஆழமாக வைத்துத் தைத்துவிட்டான். சோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்த நாளில் என் கறுப்புப் பையின் வார் அறுந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, "குடுங்க சார், இப்படியா தூக்கிட்டு அலைவீங்க?" என்று பிடுங்கிக்கொண்டு போனான். மறுநாள் தைத்து வந்தது. காசு வாங்கவில்லை. அந்தத் தையல் இன்னும் விடவில்லை.

கல்யாணமாகி நன்றாக இருந்தவனுக்கு வலிப்பு மறுபடி வரத் தொடங்கியது. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். அக்காவே ஓட்டினார். மேடு நன்றாக உயர்ந்து வந்தது, மருந்து போதிய அளவுக்கும் மேலேயே இருக்கிறது என்று கணக்கு சொன்னது. டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. இன்னும் கூட்டினால் ஆபத்து, தூக்கம் சரியில்லாமல் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். மறுபடி வலிப்பு வந்தது, மறுபடி ரத்தம் எடுத்தார்கள், அதே மேடுதான் வந்தது.

அன்றைக்கு நான் அந்த அறையில்தான் இருந்தேன். பம்ப் ஒழுகுகிறது என்று மேசைக்கடியில் மல்லாந்து கிடந்தேன். தம்பிக்காரன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தது அவன் கால்களைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"அக்கா, எனக்கு மாத்திரை பத்தலக்கா. காலையில முழுங்குறேன், மத்தியானம் ஆனா வத்திப்போன மாதிரி இருக்கு. கத்தரிக்கோல் கையில நிக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட நீ சொன்னா கேப்பாரு."

"என்னடா சொல்ல? ரத்தத்துல வேண்டிய மட்டும் இருக்கு. என் கண்ணால பாத்தேன்."

"இருக்குன்னா ஏன் வருது?"

"அத நீதான் சொல்லணும். தூங்குறியா ஒழுங்கா?" அக்கா கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, "குடிக்கிறியா?" என்றார்.

அவன் கால்கள் தரையில் ஊன்றின. அப்புறம் எழுந்து போய்விட்டான். நான் வெளியே வந்தபோது அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்பு நூறு சொல்லும், தம்பி. மெஷின் இருக்கிறதைத்தான் காட்டும்" என்றார் என்னிடம். நானும் தலையாட்டினேன். மெஷின் விற்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன செய்வேன்?

கொஞ்ச நாளில் அவன் போய்விட்டான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, துணி வெட்டுகிற மேசையருகே நின்றுகொண்டிருந்தபோது வலிப்பு வந்திருக்கிறது. விழுந்ததில் தலை தையல் மெஷினின் இரும்பு மிதியில் அடித்திருக்கிறது. அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள், உயிர் இல்லாமல்.

அதன் பிறகுதான் நான் ஸ்பேனர் ஆனேன். அக்கா லீவு போடவில்லை, அழுது நான் பார்க்கவில்லை, வடிகட்டுவதை மட்டும் இன்னும் அதிகமாக்கினார். தன் தம்பி தன்னிடம் மறைத்துக் குடித்தான், அதனால் செத்தான் என்று மனசில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார் என்று எனக்குத் தோன்றும். அதை விட்டிருந்தால் கீழே விழுந்திருப்பார்.

பழைய மாதிரிகளை அவ்வப்போது கழித்துக் கட்டுவார்கள். தம்பியின் கடைசி ரத்தம் இருந்த, மூடியில் சிவப்புக் கோடு போட்ட சின்னக் குப்பியை மட்டும் ஒவ்வொரு முறையும் "அது இருக்கட்டும்" என்று சொல்லிப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார். ஃப்ரீசர் ஒருதரம் மக்கர் பண்ணியபோது, மற்ற பெண்கள் தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு ஓட, அக்கா அந்த ஒரு குப்பியை ஐஸ் டப்பாவில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.

வருஷங்கள் போயின. புது மெஷின் வந்தது. நான்தான் மாட்டினேன். குழாய் விரல் நீளம்தான், உள்ளே இருக்கிற பொடியோ பழையதைவிடப் பல மடங்கு நைசு. அதற்குள் திரவத்தைத் தள்ளப் பயங்கர அழுத்தம் வேண்டும், பழைய பம்ப் என்றால் வாயைப் பிளந்திருக்கும். முன்பு ஒட்டிக்கொண்டு ஒன்றாக வெளியே வந்த சரக்குகள் இதில் தனித்தனியாகப் பிரிந்து வரும். வெளியே வருவதை எடை போட்டு, இது இன்னது என்று சொல்கிற கருவியும் கூடவே உண்டு. ஒரு மாதிரி ஓடி முடிப்பதற்குள் டீ ஆறாது. பெண்கள் கைதட்டினார்கள். அக்கா மட்டும், "இதுக்கும் நான் வடிகட்டித்தான் ஊத்துவேன்" என்றார்.

புதியது சொல்வதும் பழையது சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, பழைய ரத்த மாதிரிகளை இரண்டிலும் ஓட்ட வேண்டும். ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் அக்கா அடுக்கிக்கொண்டு வந்தார். பெயர் கிடையாது, குப்பிக்கு நம்பர் மட்டும்தான். ஒவ்வொன்றாக ஓடியது. எல்லாம் ஒத்துப்போனது. மருந்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு மேடு புதியதில் தெரிந்தது, அது மருந்து உடம்பில் உடைந்து வருகிற கழிவு, எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும்.

அப்புறம் ஒரு குப்பி. பழைய மெஷினில் நல்ல உயரமாக ஒற்றை மேடு. புதியதில் அது இரண்டாகப் பிளந்தது, ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, நடுவில் சுத்தமான இடைவெளி. நான் குஷியாகிவிட்டேன்.

"அக்கா, இங்க பாருங்க! ஒண்ணா கிடந்தத எப்படிப் பிரிச்சிருக்கு பாருங்க!"

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "இதுல எது மருந்து?"

எடை காட்டுகிற திரையைப் பார்த்தேன். "சின்னதுதான் மருந்து. பெருசு வெறும் கழிவு. இந்த ஆளுக்கு உடம்பு மருந்தை வேகமா உடைச்சுத் தள்ளியிருக்கு. பழைய மெஷின் ரெண்டையும் சேர்த்து மருந்துன்னு காட்டியிருக்கு. பாவம், இவருக்கு மாத்திரை பத்தியே இருக்காது."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய ரத்தம் இல்லையா? இத்தனை வருஷம் ஃப்ரீசர்ல கிடந்து உடைஞ்சிருக்கும்ல?"

அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் எனக்கு அப்போது உறைக்கவில்லை. "இல்லக்கா, இந்தக் கழிவை ஈரல்தான் பண்ணும், ஃப்ரீசர் பண்ணாது. மத்த பழைய ரத்தமும் இத்தனை ஓட்டினோம், ஒண்ணுலயாவது இப்படி வந்துச்சா?" என்று புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டு, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு குப்பியைப் பார்த்தேன். மூடியில் அந்தப் பின்வரிசைக் குப்பியின் சிவப்புக் கோடு.

"அவன் சொன்னான் ஸ்பேனர்" என்றார் அக்கா. "வத்திப்போகுதுன்னு சொன்னான். நீங்ககூட கீழ கிடந்தீங்க." பிறகு அழுதார். அத்தனை வருஷமும் சேர்த்து அழுதார். பெண்கள் கதவருகில் வந்து நின்றுவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.

பெரிய டாக்டர் வந்து, அந்தக் காலத்தில் எந்த லேபிலும் அப்படித்தான், யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்றார். உண்மைதான். இரண்டு சரக்கும் ஒரே வெளிச்சத்தைக் குடிக்கும், பழைய மெஷின் அதை வைத்துத்தான் அளக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வரும், மனுஷக் கண்ணுக்கு அது ஒன்றுதான். ஆனால் அந்த நேரத்தில் வந்து சொல்கிற உண்மையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மருந்து இருந்தும் வலிப்பு நிற்கவில்லை என்கிற நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னது அக்காதான். ஒருவருக்கு மாத்திரையை மாற்றினார்கள்.

அதற்கு முன்பே, அன்று சாயங்காலமே, தம்பி மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று கிளம்பினார். நடக்கிற நிலையில் இல்லை, நான் வண்டியில் கூட்டிப்போனேன். அந்தப் பெண் அவனுடைய தையல் கடையை விடவில்லை, அதே மேசைக்குப் பக்கத்தில் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தது. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குடிக்கிறியா என்று கேட்டதையும் சொன்னார்.

"அவரு குடிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும் அண்ணி" என்றது அந்தப் பெண். மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. "நீங்க அப்படிக் கேட்டீங்கன்னு இப்பதான் தெரியுது. வீட்டுல அதச் சொல்லல."

"என்னைத் திட்டினானா?"

"திட்டவா? நான்தான் கத்தினேன், வேற ஆஸ்பத்திரியில காட்டலாம், ரத்தத்த வேற எங்கயாவது குடுத்துப் பாக்கலாம்னு. கேக்கல. 'அக்கா தண்ணியக்கூட ரெண்டு தரம் வடிகட்டுற ஆளு, அது பாத்துச் சொன்னா தப்பா இருக்காது, எனக்குத்தான் மனசுல ஏதோ கோளாறு'ன்னாரு. அப்புறம் கை நடுங்கினாகூட என்கிட்ட காட்ட மாட்டாரு. கைய மேசைக்கடியில வச்சுக்குவாரு."

அக்கா மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டது. அவர் உட்காரவில்லை.

திரும்பும்போது அக்கா வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தார். சிக்னலில் நின்றபோது மெதுவாகச் சொன்னார்.

"என் மேல கொஞ்சம் கோவப்பட்டிருந்தா வேற இடத்துல காட்டியிருப்பான் தம்பி. உயிரோட இருந்திருப்பான்."

தம்பி என்று என்னைத்தான் கூப்பிட்டார். பச்சை விழுந்தது, வண்டியை எடுத்தேன்.